அக்சாக்

துருக்கிச் சொல். நொண்டுகிற என்று பொருள்.
சோபியாவில் அச்சாகும் ஆய்வேடுகளில்
சாய்வெழுத்தில் நிற்கும்,
விருந்தாளி என்று தனக்கே தெரிந்ததுபோல.

இரண்டும் மூன்றும் கலந்து
குட்டை அடி ஒன்று, நெட்டை அடி ஒன்று என
நடக்கும் தாளத்துக்கெல்லாம் அந்தப் பெயர்.
ஐந்து, ஏழு, ஒன்பது, எப்போதாவது பதினொன்று.
(நம்மிடமும் ஒரு நொண்டிச் சிந்து உண்டு.
பெயர் வைக்கிறவர்கள் எந்த ஊரிலும்
கால் சரியாக உள்ளவர்கள்தான் போலிருக்கிறது.)

நெவேனா ரோடோப்பி மலைக்கு வந்தது மார்ச் கடைசியில்.
பையில் இரண்டு ஒலிவாங்கி, மடிக்கணினி,
காயாத ஒரு ஜோடிக் காலுறை.
தபான் மேளம் அடிக்கும் ராங்கெல்
பகலில் மர அறுவை ஆலையில்.
பைதுஷ்கோ ஆட்டத்தை எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டாள்.
"எண்ணுவதா? பலகையைத்தான் எண்ணுவேன்.
இதில் சட்டென்று ஒன்று,
சாவகாசமாய் ஒன்று."
தடிக்கோல் ஒரு தோலில் இறங்கியது.
மறுதோலில் மெல்லிய குச்சி
எதையோ முணுமுணுத்தபடி இருந்தது.

இரவு விடுதியில் அளந்தாள்.
தாளில் இரண்டுக்கு மூன்று.
நொடியை ஆயிரமாய் நறுக்கிப் பார்த்தால்
நெட்டை அடியில் பதினேழு துண்டு குறைவு,
சில இடத்தில் இருபத்திரண்டு.
அடிக்கு அடி அதே குறை.
பிழை இப்படி வரிசையில் வந்து நிற்காது.
அதற்கு என்ன பெயர் என்று எழுதினாள்,
பிறகு அடித்தாள்,
பிறகு விளக்கை அணைத்துவிட்டு
மெத்தையில் விரலால் தட்டிப் பார்த்தாள். வரவில்லை.

பேருந்து ஓட்டும் நஜ்மிக்கு வீட்டில் துருக்கி.
சொல்லைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.
"கழுதைக் காலில் முள் ஏறினால் அக்சாக்.
பனியில் என் வண்டி நாற்பது நிமிடம் பிந்தினால்
அதற்கும் அதே வினை.
ஓய்வூதியம் வராத மாதத்துக்கும்.
ஆட்டத்துக்கா?
ஆட்டம் எங்கே பிந்தியது?"

சனிக்கிழமை, பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் நிச்சயதார்த்தம்.
பெண்ணின் சித்தி ஸ்தொய்னாவுக்கு
இடுப்பு மூட்டு மாற்றி ஐந்து மாதம்.
ஸ்மோல்யான் மருத்துவமனையில்
மெட்ரோனோம் வைத்து நடக்கச் சொன்னார்கள்.
டக், டக், டக், டக்.
நாலாவது டக்கில் எப்போதும்
இயந்திரம் அவளை முந்திவிடும்.

அன்று ஆறாவது ஆளாய் வரிசையில் சேர்ந்தாள்,
பக்கத்து இடுப்புவாரை இறுகப் பிடித்து.
குட்டை இடது காலில்,
நெட்டை வலது காலில்.
நெவேனா கேமராவைக் கால்களுக்கு இறக்கினாள்.
பன்னிரண்டு ஜோடிக் காலணி.
எது ஸ்தொய்னா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ராங்கெல் ஒரு திருப்பம் வைத்தார்.
வரிசை பின்னோக்கி வளைய
நெட்டை வந்து இடது காலில் உட்கார்ந்தது.
ஸ்தொய்னா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்,
கையை உதறினாள், நாற்காலியைப் பார்த்துப் போனாள்.
அந்த எட்டுப் பத்து அடி மட்டும்
நொண்டினாள்.

அருகில் போய் உட்கார்ந்து
நெவேனா சொல்லையும் பொருளையும் சொன்னாள்.
உலகம் முழுக்க அறிஞர்கள் இப்படித்தான் குறிக்கிறார்கள் என்றாள்.
ஸ்தொய்னா ஊறுகாய் மிளகாயைக் கடித்தாள்.
"எனக்கு நொண்டத் தெரியும், பெண்ணே.
இது அது இல்லை.
அந்த அறிஞர்கள் ஆடிப் பார்த்திருக்கிறாயா?"

ஆய்வேட்டில் பொருளுக்குக் கீழே
நெவேனா ஓர் அடிக்குறிப்பு வைத்தாள்:
நொண்டுகிற, யாருடைய காலில் நின்று சொன்னது?
தேர்வாளர் அதைச் சுற்றி வட்டமிட்டார்.
தேவையற்றது.
அவளும் எடுத்துவிட்டாள், பட்டம் வேண்டுமே.

நூலகத்தில் இருக்கிறது அந்தப் பிரதி.
அறுபத்தோராம் பக்கம்.
சாய்வெழுத்தில் சொல், அதன் தோளில் சின்னதாய்
எடுக்க மறந்த எண் ஏழு.
கீழே பார்த்தால்
ஒன்றுமில்லை.